தொட்டிலுக்குள்ள மாட்டின குழவிக்கல்

1. ரூம்புக்குள்ள போறவ

நான் தொட்டில் மாட்டுறவ. கடையில பொட்டியா வர்ற மரத்தொட்டிலை வீட்டுக்கே போய்ப் பிரிச்சு, ஸ்குரூ போல்ட்டு முடுக்கி, நிக்க வெச்சுட்டு வர்ற வேலை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுலேருந்து கூட்டு ரோடு போற வழியில இருக்கிற குழந்தைச் சாமான் கடையில சேல்ஸுக்குத்தான் என்னைச் சேர்த்தாங்க. மொத நாளே ஓனர் என் கையில போல்ட்டு முடுக்கற எல்-கீயைக் கொடுத்து, "விஜயா, ஆட்டோ வெளிய நிக்குது, போய் மாட்டிட்டு வந்துடு"ன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னேன். உள்ள பேப்பர்ல படம் போட்டிருக்கான், பார்த்து மாட்டுன்னுட்டாரு.

அந்த வேலைக்கு ஒரு ஆம்பளை இருந்தாரு. ஆனா புள்ள பெத்தவ படுத்திருக்கிற ரூம்புக்குள்ள ஆம்பளையை விடமாட்டோம்னு சிங்கவரத்துல ஒரு வீட்ல அவரை வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால நான் போனேன். அன்னியிலேருந்து இன்னி வரைக்கும் நான்தான் போறேன்.

இதைப் படிக்கிறவங்க புதுசா இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்களா இருக்கலாம், புதுசா புள்ள பெத்தவங்களா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. நான் கோவக்காரி. இந்தக் கோவம் எங்க அம்மா வயித்துலேருந்து வந்தது இல்ல, அந்த ரூம்புங்களுக்குள்ள போய்ப் போய் வந்தது.

நம்ம பக்கத்துல புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துணி கூட வாங்கமாட்டாங்க. ஆகாதும்பாங்க. சரி, அது அவங்கவங்க நம்பிக்கை. ஆனா பொறந்ததும் ஒரே ஓட்டமா கடைக்கு ஓடி வருவாங்க. அவளுக்கு இன்னா வேணும், புள்ளைக்கு இன்னா வேணும்னு கேட்டுக்கிட்டு வர மாட்டாங்க. போன மாசம் சித்தப்பா வீட்டு விசேஷத்துல இன்னா வெச்சாங்களோ அதை விட ஒண்ணு கூட இருக்கணும்னு வருவாங்க. தொட்டிலு புள்ள தூங்கற இடம்ங்கிற நெனப்பே எவனுக்கும் கிடையாது. அது சீரு. நாலு பேரு வந்து பார்க்கணும், போட்டோ எடுக்கணும். அதனால அதுக்குள்ள கடையையே கொட்டி வெப்பாங்க. வழவழன்னு தலகாணி, ரெண்டு பக்கம் உருட்டுத் தலகாணி, புஸ்ஸுனு ஒரு போர்வை, கரடி பொம்மை, சுத்தி ரிப்பன் வெச்ச பஞ்சுத் தடுப்பு. அந்தத் தடுப்புக்குக் கடையில பம்பர்னு பேரு. எல்லாத்துக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்லாத உசுரு ஒண்ணு மூச்சு விடறதுக்கு இடம் தேடிக்கிட்டு கெடக்கும்.

2. ஏழுமலை எடுத்த தொட்டில்

ஏழுமலைங்கிறவரு தளவானூர்க்காரரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுற விவசாயி. பொண்ணு கௌசல்யாவுக்கு மொத பிரசவம், பொம்பளைப் புள்ள. பொண்ணைக் குடுத்திருக்கிறது செஞ்சி டவுன்லயே, பஜாருக்குப் பக்கத்துத் தெருவுல. முப்பது நாள் கழிஞ்சதும் தாயையும் புள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போவணும், அங்கதான் தொட்டில் போட்டுப் பேரு வெக்கிறது அந்த வீட்டு வழக்கமாம். தொட்டிலு அப்பன் வீட்டுச் சீரு.

அவரு கடைக்குள்ள வந்ததும், பாக்கறவங்க கண்ணுக்கு நெறைஞ்சாப்புல ஒரு தொட்டில் காட்டும்மான்னாரு. இருக்கறதுலயே உறுதியானதைக் காட்டினேன். தேக்கு இல்ல, ஆனா ஆட்டினா கிறீச்சுங்காது. சைடுல நிக்கற ரீப்பர் கட்டைங்களுக்கு நடுவுல என் நாலு விரலைச் சேர்த்து விட்டுப் பார்த்தேன், நுழையல. நுழைஞ்சா அந்தத் தொட்டிலே வேணாம். அதுக்குன்னே அளவெடுத்த கெட்டி மெத்தை ஒண்ணு ஸ்டாக்குல இருந்துச்சு. அதை உள்ள போட்டு, ஓரத்துல ரெண்டு விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். எறங்கல. இது போதும்யா, மேல ஒரு காட்டன் துணி விரிச்சுப் புள்ளைய மல்லாக்கப் படுக்க வெச்சா முடிஞ்சுதுன்னேன்.

அவரு துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. "வெறுந் தொட்டிலைக் கொண்டு போய் எறக்கினா, எம் பொண்ணை அந்த வீட்ல யாரும்மா மதிப்பாங்க?"

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. ஆனா அவரு வீம்புக்குக் கேக்கல, பயந்துதான் கேட்டாரு. அந்த பயத்தைத்தான் எங்க ஓனர் மாதிரி ஆளுங்க மூக்கால மோந்து கண்டுபிடிச்சுடுவாங்க. கல்லாவுலேருந்து எழுந்து வந்தாரு, அண்ணே அண்ணேன்னாரு, ஃபுல் செட்டை எடுத்து மேஜை மேல பரப்பினாரு. பம்பர், தலகாணி, திண்டு, கரடி எல்லாம் ஏறிச்சு. நான் வாயைத் தொறந்தேன். உள்ள போய் ஸ்டாக் பாருன்னு என்னை அனுப்பிட்டாரு. உள்ள போனவ சும்மா வரல. அந்தக் கெட்டி மெத்தையை எடுத்து, தொட்டில் பொட்டியோட சேர்த்து என் கையாலயே கயிறு போட்டுக் கட்டி வெச்சுட்டு வந்தேன். மீதி இன்னா எழவை வேணா வாங்கட்டும், மெத்தை சரியா இருந்தா பாதி பயம் போச்சுன்னு நெனச்சேன்.

3. கல்லைக் காணோம்

விசேஷத்தன்னிக்குக் காலையில அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்துல ஜமக்காளம் விரிச்சு, ஓரமா சீர்த்தட்டு வரிசை. சொந்தபந்தம் வர ஆரம்பிச்சுட்டாங்க. கௌசல்யா உள் ரூம்புல புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அவ மாமியார் ராஜேஸ்வரி அம்மா, பட்டுப் புடவையில, அங்க இங்க நடந்து வேலை ஏவிக்கிட்டு இருந்தாங்க. கெட்டவங்கன்னு சொல்லமாட்டேன். எனக்கு மொத காரியமா காப்பி கொடுத்தவங்க அவங்கதான்.

தொட்டிலை மாட்டினேன். மெத்தை கவரைப் பிரிச்சேன். நான் கட்டி வெச்ச மெத்தை இல்ல அது. ஒல்லியா, மெத்துனு, வேற ஏதோ சின்னத் தொட்டிலோடது. உள்ள போட்டா ஓரத்துல என் உள்ளங்கை முழுசா எறங்குது. கயிறு மட்டும் நான் போட்ட கயிறு, அவிழ்த்து மறுபடி கட்டியிருக்காங்க.

வெளிய வந்து ஓனருக்கு போன் போட்டேன். மேல்சித்தாமூர்லேருந்து ஒரு பார்ட்டி அவசரமாக் கேட்டாங்க, அந்த மெத்தையைக் கொடுத்துட்டேன், உனக்கு இப்ப இன்னா டென்ஷன்னாரு. கை எறங்குதுங்க, புள்ள மூஞ்சி மாட்டிக்கும்னேன். "சைடுல ரெண்டு தலகாணியைச் சொருகி விடு, பம்பரைக் கட்டிட்டா ஒண்ணும் தெரியாது. ஃபங்ஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஒண்ணும் தெரியாதாம். அதுதாங்க பிரச்சினையே. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. தெருவுல நின்னுக்கிட்டு வாய்க்கு வந்தபடி திட்டிட்டு போனை வெச்சேன்.

உள்ள போய் ராஜேஸ்வரி அம்மாகிட்ட மெத்தை அளவு தப்பு, இதுல புள்ளைய விடாதீங்க, சரியானது நான் கொண்டாந்து தரேன்னேன். அவங்க என்னைப் பார்க்கல, திரும்பி ஏழுமலையைப் பார்த்தாங்க. அத்தனை சொந்தக்காரங்க எதிர்ல, "ஒரு மெத்தையைக் கூடப் பார்த்து வாங்கத் தெரியலையா சம்மந்தி"ன்னு கேட்டாங்க. அந்த மனுஷன் மூஞ்சி சுண்டிப் போச்சு. உள் ரூம்புலேருந்து கௌசல்யா, அப்பனைக் கூப்பிட்டு நைனான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திட்டா.

அங்க நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என் வேலைக்கு ஆபத்து இல்ல. ஆனா என்னால முடியல. எல்லாரு காதுலயும் விழற மாதிரிச் சொன்னேன். "அவரு சரியாத்தான் வாங்கினாரு. மாத்தி அனுப்பினது எங்க கடை."

ஆனா அதனால தொட்டில் விஷயம் நிக்கல. நல்ல நேரம் போவுது, மெத்தையெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்னுட்டாங்க. வந்த பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்து உள்ள வெச்சாங்க. பம்பரைக் கட்டினாங்க, தலகாணி, திண்டு, கரடி. நான் எடுத்து வெளிய வெச்சேன். ராஜேஸ்வரி அம்மா மறுபடி உள்ள வெச்சாங்க. எங்க வீட்டுக்கு வந்த சீரை எடுக்க நீ யாருன்னு கேட்டாங்க. நான் யாரு? ஸ்குரூ முடுக்க வந்தவ. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

தொட்டில்ல எடுத்ததும் புள்ளையைப் போட மாட்டாங்க. அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, புதுத் துணியில சுத்தி, அதைத்தான் மொதல்ல போட்டு ஆட்டுவாங்க. கல்லு மாதிரி புள்ள கெட்டியா இருக்கணும்னு. மிக்சி வந்து எத்தனையோ காலம் ஆச்சு, ஆனா இதுக்காகவே குழவியை வெச்சிருக்கிற வீடுங்க இங்க நெறைய. ராஜேஸ்வரி அம்மா அந்தக் கல்லைப் புள்ளையாட்டம் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்து உள்ள படுக்க வெச்சாங்க. பொம்பளைங்க சுத்தி நின்னு பாடினாங்க. தொட்டிலு ஆடுச்சு. ரெண்டு ஆட்டுதான், பாட்டுல ஒரு அடி கூட முடியல, உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பாடறவங்களுக்குக் கேட்டுச்சோ இல்லியோ, எனக்குக் கேட்டுச்சு.

பாட்டு முடிஞ்சு கல்லை எடுக்கக் குனிஞ்சாங்க. கல்லைக் காணோம். தலகாணி இருக்குது, கரடி இருக்குது, கல்லு இல்ல. "கல்லு எங்கடி?"ன்னு ராஜேஸ்வரி அம்மா தங்கச்சி கேட்டாங்க. நான் போய் பம்பரைத் தூக்கினேன். மெத்தைக்கும் ரீப்பருக்கும் நடுவுல தலைகீழா எறங்கி மாட்டிக்கிட்டு இருந்துச்சு. மேல ஒரு திண்டு சாய்ஞ்சு மூடியிருந்துச்சு. துணி நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுது.

ரெண்டு பொம்பளைங்க இழுத்தாங்க, வரல. கடைசியில என்னைப் பார்த்தாங்க. எல்-கீயை எடுத்து ஒரு சைடு பலகையையே கழட்டினேன். கல்லு கீழ எறங்கி வந்துச்சு. துணி விலகி, அதுக்கு வெச்ச குங்குமம் பூரா ரீப்பர்ல அப்பியிருந்துச்சு.

ராஜேஸ்வரி அம்மா அப்பவும் விடல. ஆனா சத்தம் எறங்கிப் போச்சு. "கல்லு கனம், அதான் உருண்டுடுச்சு. புள்ள உருளுமா இன்னா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கௌசல்யா புள்ளையோட எழுந்து கதவு வரைக்கும் வந்துட்டா. அன்னிக்குப் பூரா ஒரு வார்த்தைக்கு மேல பேசாத பொண்ணு.

"இன்னிக்கு உருளாது அத்தே. உருள்ற அன்னிக்கு நம்மகிட்ட சொல்லிட்டா உருளும்? எம் பொண்ணை நான் அதுல போட மாட்டேன்."

அவ புருஷன் ஒரகடத்துல கம்பெனி வேலை பார்க்கிறவன், லீவு போட்டு வந்திருந்தான். உள்ள போய்ப் பாயை எடுத்தாந்து கௌசல்யா பக்கத்துல தரையில விரிச்சு, நாலா மடிச்ச வேட்டியை மேல போட்டான். மடியில வெச்சே பேரு சொன்னாங்க. புள்ள பாயில மல்லாக்கப் படுத்து, கையை ரெண்டு பக்கமும் விரிச்சுப் போட்டுக்கிட்டுத் தூங்கிடுச்சு. ஏழுமலை எழுந்து வந்து தலகாணி, திண்டு, கரடி ஒண்ணொண்ணா எடுத்து, ஒண்ணுக்கு ஒரு தட்டுன்னு சீர்வரிசையில அடுக்கினாரு. வரிசை நீண்டு போச்சு. பாக்க வந்தவங்களுக்கு அது இன்னும் ஜோராத்தான் தெரிஞ்சுது. இதுக்கா அத்தனை பாடுன்னு எனக்கு வெறுத்துப் போச்சு.

4. கடையில

அந்தச் சின்ன மெத்தையை ஆட்டோவுல போட்டுக்கிட்டு நேரா கடைக்கு வந்து, ஓனர் மேஜை மேல போட்டேன். கஸ்டமர் இருந்தாங்க. இருக்கட்டும்னுதான் போட்டேன்.

பார்ட்டி வீட்ல கடை மானத்தை வாங்கிட்டியாமேன்னு ஆரம்பிச்சாரு. செய்தி எனக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரியே கேட்டேன். "உங்க பேரப்புள்ளையா இருந்தா தலகாணியைச் சொருகி விடுன்னு சொல்லுவீங்களா? மூக்கு அடைச்ச புள்ள அழாதுங்க. சத்தம் போடாம போயிடும். பக்கத்துல படுத்திருக்கிற தாய்க்குக் கூடத் தெரியாது."

இஷ்டம்னா இரு, இல்லன்னா நின்னுக்கோன்னாரு. நின்னுக்கறேன், நாளைக்கு எந்த வீட்டு ரூம்புக்குள்ள யாரை அனுப்புவீங்க, நீங்களே போவீங்களான்னேன். அவரு திண்டிவனத்துல இருக்கிற மெத்தைக் கடைக்கு போன் போட்டாரு. மறுநாள் பஸ்ஸுல பார்சலா சரியான மெத்தை வந்துச்சு. நானே தூக்கிக்கிட்டுப் போய்ப் போட்டு, விரலை விட்டுப் பார்த்து, கௌசல்யா விரலையும் விடச் சொல்லிட்டு வந்தேன். அன்னியிலேருந்து நான் கட்டின பொட்டியை யாரும் பிரிக்கறது இல்ல. எனக்கு மரியாதை வந்துடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. வேற ஆள் கிடைக்கல, அவ்ளோதான்.

இன்னா வாங்கறதுன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லிடுறேன். கெட்டியான, தொட்டிலோட அளவுக்குச் சரியான மெத்தை. மேல இறுக்கி விரிக்கிற காட்டன் துணி, ஒண்ணு நனைஞ்சா மாத்த இன்னொண்ணு. தொவைச்சு வெயில்ல காய வெச்ச பழைய வேட்டித் துணி நெறைய. முன்பக்கம் முடிச்சுப் போடுற ஜப்லாச் சட்டை. தொட்டிலுக்கு வெளிய தள்ளிக் கட்டுற கொசுவலை. இதுக்கு மேல நான் விக்கிற எதையும் தொட்டிலுக்குள்ள வெக்காதீங்க. கடுகு அடைச்ச தலகாணியில படுத்தா தலை உருண்டையா வரும்னு எவளாவது சொன்னா, அவளையே அதுல படுக்கச் சொல்லுங்க. சீரா கொடுத்தே ஆவணும்னா தட்டுல வெச்சுக் கொடுங்க. புள்ள தூங்கற இடத்தை ஷோகேஸ் ஆக்காதீங்க.

5. ஒயர் கூடை

இதைச் சொல்லாம முடிக்க முடியாது. கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு நாள் சாயங்காலம் ராஜேஸ்வரி அம்மா கடைக்கு வந்தாங்க. கையில ஒயர் கூடை, தோளு ஒரு பக்கமா எறங்கியிருந்துச்சு. அவங்க பொண்ணுக்குப் பிரசவம் ஆயிருக்குதாம், இப்ப இவங்க சீரு வெக்கிற முறை. தொட்டில் காட்டுன்னாங்க. காட்டினேன். மெத்தையைப் போடச் சொன்னாங்க. போட்டேன்.

கூடையிலேருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. கனமா வெச்சதும் தெரிஞ்சுபோச்சு எனக்கு. அதே குழவிக்கல்லு. பஜாருலேருந்து இதைத் தூக்கிக்கிட்டு நடந்து வந்திருக்காங்க. ஓனர் கல்லாவுலேருந்து எட்டிப் பார்த்தாரு, கடைக்குள்ள எதுக்கும்மா கல்லுன்னாரு.

சந்தோஷப்பட்டிருக்கணும் நான். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. வாய் சும்மா இருக்கல. "ஏம்மா, உங்க பொண்ணு புள்ளைக்குன்னதும் கல்லு தூக்கிக்கிட்டு வரத் தெரியுதே. அன்னிக்கு மருமக புள்ளைக்குத் தெரியலையா?"

அவங்க என் மூஞ்சியைப் பார்க்கல. துணியைச் சரியா சுத்திக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. "கௌசல்யாதான் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு கூடையில வெச்சா."

கல்லை வாங்கி மெத்தை நடுவுல வெச்சேன். தலகாணி இல்ல, பம்பர் இல்ல. அவங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு ஆட்டினோம். வேகமா ஆட்டினோம். கல்லு ஓரம் வரைக்கும் உருண்டு வந்துச்சு, ரீப்பர்ல இடிச்சுது, மெத்தை மேலயே நின்னுச்சு. அவங்க குனிஞ்சு ஓரத்துல விரலை விட்டுப் பார்த்தாங்க. அப்புறம்தான் நிமிர்ந்தாங்க.

இப்பல்லாம் கடையில ஒரு குழவிக்கல்லு நான் வாங்கி வெச்சிருக்கேன். ஓனருக்குப் பிடிக்கல, வியாபாரத்துக்கு ஆவாதுங்கறாரு. யாரு தொட்டில் எடுக்க வந்தாலும் அதை உள்ள போட்டு ஆட்டிக் காட்டிட்டுத்தான் பொட்டி கட்டறேன். நீங்களும் வீட்ல மாட்டி முடிச்சதும் மொதல்ல கல்லைப் போட்டு ஆட்டிப் பாருங்க. மாட்டினா கல்லு மாட்டட்டும். பலகையைக் கழட்டி எடுத்துக்கலாம்.